எடை மேடைக்கும் சர்வருக்கும் நடுவே: தொலை அழைப்பு எங்கே முறிகிறது?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றை, பருவம் உச்சத்தில் இருக்கும் ஜூன் மாதத்தில், அதன் கணினிகளை மட்டும் வைத்துப் பார்ப்போம். வாசலில் எடை மேடை. அங்கே இருக்கும் விண்டோஸ் கணினி, எடை காட்டும் கருவியோடு சீரியல் கேபிளில் இணைந்திருக்கிறது. அதில் ஓடுவது டாட்நெட்டில் எழுதிய சிறிய நிரல். கணக்கு அறையில் ஜாவா ஸ்விங்கில் எழுதிய பெரிய மென்பொருள். மேலாளர் பிரவுசரில் பார்க்கிறார். போச்சம்பள்ளி, சந்தூர் பக்கம் தோப்பு தோப்பாகப் போய்ப் பெங்களூரா, அல்போன்சா மாம்பழங்களுக்கு விலை பேசுபவர் கையில் ஆண்ட்ராய்டு செயலி. இந்த நான்கும் பேச வேண்டியது ஒரே இடத்தோடு: பெங்களூரு டேட்டா சென்டரில் இருக்கும் ஜாவா அப்ளிகேஷன் சர்வர்.

இது குறிப்பிட்ட ஓர் ஆலையைப் பற்றிய செய்தி அல்ல. ஓசூர் சிப்காட்டின் உதிரிபாகத் தொழிற்சாலை, தருமபுரியின் மொத்த வியாபாரக் கிடங்கு என எங்கே போனாலும் இதே படம்தான். நிறுவனத்தின் விதிகளும் கணக்கும் ஓரிடத்தில்; அவற்றைப் பயன்படுத்தும் கிளையன்ட் நிரல்கள் பல இடங்களில், பல மொழிகளில், பல வயதுகளில். இவற்றை இணைப்பதற்குக் கடந்த 40 ஆண்டுகளில் ஏகப்பட்ட நெறிமுறைகள் (புரோட்டோகால்) வந்துவிட்டன. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற விவாதம்தான் எப்போதும் சூடாக நடக்கிறது. என் கருத்தில் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அழைப்பு பாதியில் அறுந்தால் உழவரின் எடைச் சீட்டு என்னவாகும் என்பது.

தொலை அழைப்பின் அடிப்படை எளிமையானது. நம் நிரலுக்குள் இருக்கும் ஒரு செயல்கூற்றை (ஃபங்ஷன்) அழைப்பதுபோலவே வேறொரு கணினியில் இருக்கும் செயல்கூற்றையும் அழைக்க வேண்டும். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஆண்ட்ரூ பிர்ரெல், புரூஸ் நெல்சன் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைச் செய்துகாட்டும் முறையை நிலைநிறுத்தியது. கிளையன்ட் பக்கம் ஸ்டப் என்ற ஒரு பதிலாள் நிரல் இருக்கும். நாம் அழைப்பது அதைத்தான். அது நாம் கொடுத்த மதிப்புகளை பைட்டுகளாகக் கட்டி வலையில் அனுப்பும். மறுமுனையில் இன்னொரு ஸ்டப் அதைப் பிரித்து, உண்மையான செயல்கூற்றை ஓட்டி, விடையை அதே வழியில் திருப்பி அனுப்பும். இன்றைய ஜி.ஆர்.பி.சி. என்ற தொலை அழைப்பு முறை வரைக்கும் இந்த எலும்புக்கூடு மாறவில்லை.

மாறியதெல்லாம் பைட்டுகளைக் கட்டும் விதமும் இரு பக்கமும் ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தமும்தான். 1991இல் வந்த கோர்பா என்ற பொதுத் தரம், எந்த மொழியில் எழுதினாலும் இணையலாம் என்றது. 1996இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு ஐ.ஐ.ஓ.பி. என்ற பொது நெறிமுறையைக் கொடுத்தது. 1997இல் ஜாவா 1.1 தனக்கென்று ஆர்.எம்.ஐ. என்ற தொலை அழைப்பு முறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, வணிக விதியைப் பீன் என்ற சிறு பகுதிகளாகச் சர்வரில் வைக்கும் எண்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ் வந்தது. பாதுகாப்பு, டிரான்சாக்ஷன் (சேர்ந்த பதிவுகளை முழுதாக முடிப்பது, இல்லையேல் முழுதாக விடுவது), ஒரே நேரத்தில் பலரைச் சமாளிப்பது எல்லாவற்றையும் சர்வரே பார்த்துக்கொள்ளும், நிரலாளர் வணிக விதியை மட்டும் எழுதினால் போதும் என்பது அதன் வாக்குறுதி. அந்த வாக்குறுதி பெருமளவு நிறைவேறியது என்பதைச் சொல்லியாக வேண்டும். இன்று பலர் அதைப் பழசு என்று ஒதுக்கினாலும், வங்கிகளிலும் ஆலைகளிலும் அந்தக் காலத்து பீன்கள் இன்னும் ஒழுங்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

ஆனால் தொலைவை மறைத்ததில் ஒரு விலை இருந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். ஒளியிழையில் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 180 கிலோமீட்டர் என்றால், இயற்கை விதிப்படியே கிட்டத்தட்ட 1 மில்லி நொடிக்குக் கீழே இறங்க முடியாது. நடுவில் உள்ள ரூட்டர்களையும் மொபைல் கோபுரத்தையும் சேர்த்தால் 30, 40 மில்லி நொடி என்பது சாதாரணம். ஒரே நிரலுக்குள் நடக்கும் அழைப்போ நானோ நொடிக் கணக்கு. 1 மில்லி நொடியில் 10 லட்சம் நானோ நொடி இருக்கிறது.

இதைக் கணக்கில் எடுக்காமல் எழுதிய கிளையன்ட் எப்படி நடந்துகொள்ளும் என்று பாருங்கள். கணக்கு அறைத் திரையில் ஒரு நாளின் 400 வரவுகளைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வரவுக்கும் பெயர், எடை, விலை என மூன்று தனித்தனி அழைப்பு. மொத்தம் 1200 அழைப்பு. ஒன்றுக்கு 30 மில்லி நொடி என்றால் 36 நொடி. உப்புக்கு ஒருமுறை, புளிக்கு ஒருமுறை, மிளகாய்க்கு ஒருமுறை என்று சந்தைக்குப் போய்வருவது போன்ற வேலை இது. நிரலைப் பார்த்தால் இந்தத் தவறு தெரியவே தெரியாது. எல்லாம் சாதாரண அழைப்பு போலவே எழுதியிருக்கும். கல்லூரி ஆய்வகத்தில் கிளையன்ட்டையும் சர்வரையும் ஒரே கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாணவருக்கும் தெரியாது, ஏனென்றால் அங்கே தொலைவே இல்லை. பர்கூரிலும் தருமபுரியிலும் பொறியியல் படிக்கிறவர்கள் இந்தப் பயிற்சியை ஒருமுறையாவது இரண்டு கணினிகளில், நடுவே மொபைல் இணைப்பை வைத்துச் செய்து பார்க்க வேண்டும். புத்தகத்தில் இல்லாதது அப்போது புரியும்.

2001இல் வந்த பீன்ஸ் இரண்டாம் பதிப்பு, ஒரே சர்வருக்குள் இருக்கும் பகுதிகள் வலையைத் தொடாமல் பேசிக்கொள்ள உள்ளூர் இடைமுகம் என்ற வழியைத் தனியாகத் திறந்தது. எல்லா அழைப்பையும் ஒரே மாதிரி நடத்தலாம் என்ற எண்ணத்தைத் தொழில்நுட்பத்தை உருவாக்கியவர்களே கைவிட்ட இடமாக நான் இதைப் பார்க்கிறேன். அதன் பிறகு நல்ல வடிவமைப்பு என்பது ஒரு பழக்கமாக நிலைபெற்றது: சர்வருக்கு முன்னால் மெல்லிய ஒரு முகப்பு, அதில் சில பெரிய அழைப்புகள் மட்டும். 'இந்த நாளின் வரவுகள் எல்லாவற்றையும் கொடு' என்பது ஓர் அழைப்பு. விடை ஒரே கட்டாக வரும். உள்ளே எத்தனை பீன்கள் தங்களுக்குள் பேசினாலும் கிளையன்ட்டுக்குக் கவலை இல்லை.

இன்னொரு நுணுக்கமும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உள்ளூர் அழைப்பில் ஒரு பொருளைக் கொடுத்தால் அதே பொருள்தான் போகிறது. அழைக்கப்பட்டவர் அதை மாற்றினால் நம் பக்கமும் மாறும். தொலை அழைப்பில் போவது நகல். சர்வர் அந்த நகலில் விலையைத் திருத்தினாலும் நம்மிடம் இருப்பது பழைய விலைதான். ஒரே நிரலுக்குள் சோதித்தபோது சரியாக வந்த கணக்கு, பிரித்து நிறுவியதும் பிசகுவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

இணைப்பே கிடைக்காத சிக்கல்களில் ஆர்.எம்.ஐ.க்கு ஒரு தனிக்குணம் உண்டு. கிளையன்ட் முதலில் பெயர்ப் பதிவேட்டைக் கேட்கும். வழக்கமாக அது 1099 என்ற போர்ட்டில், அதாவது கணினியின் எண்ணிட்ட வாசலில், இருக்கும். பதிவேடு ஒரு ஸ்டப்பைக் கொடுக்கும். அந்த ஸ்டப்புக்குள்ளேயே சர்வரின் முகவரி எழுதப்பட்டிருக்கும். லினக்ஸ் சர்வரில் ஹோஸ்ட்ஸ் கோப்பு (பெயர், முகவரிப் பட்டியல்) சர்வரின் பெயரை 127.0.0.1, அதாவது 'இதே கணினி', என்று காட்டிக்கொண்டிருந்தால், ஸ்டப்பும் அதையே சுமந்துகொண்டு கிருஷ்ணகிரிக்கு வரும். கிளையன்ட் அதை நம்பித் தன்னையே அழைத்துப் பார்த்து, இணைப்பு மறுக்கப்பட்டது என்று சொல்லும். பதிவேட்டை எட்ட முடிந்ததே, பெயரும் கிடைத்ததே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம் என்ற அமைப்பில் வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரியைக் கொடுத்தால் தீரும். அடுத்து, இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால்: 1099ஐ மட்டும் திறந்தால் போதாது. உண்மையான பேச்சு வேறொரு போர்ட்டில் நடக்கிறது. அதை நாம் நிலையாகக் குறிக்காவிட்டால் அது ஒவ்வொரு முறையும் மாறும்.

சர்வருக்குச் சர்வர் இந்த வாசலும் மாறுபடும். வெப்லாஜிக் டி3 என்ற தன் நெறிமுறையை வழக்கமாக 7001இல் பேசும். கிளாஸ்ஃபிஷ் ஐ.ஐ.ஓ.பி.யை 3700இல் பேசும். ஜேபாஸின் வழிவந்த வைல்டுஃபிளை, 8080இல் பிரவுசர் பேசும் ஹெச்.டி.டி.பி.யாகத் தொடங்கி அதே இணைப்பைத் தன் நெறிமுறைக்கு மாற்றிக்கொள்ளும். ஃபயர்வாலைக் கையில் வைத்திருப்பவரிடம் கெஞ்ச வேண்டிய வேலை இதில் பாதியாகக் குறைகிறது.

ஜாவா கிளையன்ட்டாக இருந்தால் வயது வேறுபாடும் கடிக்கும். பொருளைப் பைட்டுகளாக்கும் ஜாவாவின் சீரியலைசேஷனில் ஒவ்வொரு வகுப்புக்கும் (கிளாஸ், பொருளின் வார்ப்பு) ஒரு பதிப்பு எண் உண்டு. நாம் எழுதாவிட்டால் வகுப்பின் அமைப்பிலிருந்து ஜாவாவே அதைக் கணக்கிடும். சர்வரில் ஒரு புலம் (தகவல் கட்டம்) சேர்த்தால் எண் மாறும். கணக்கு அறையில் பழைய ஜார் கோப்போடு (நிரல் தொகுப்பு) இருக்கும் கிளையன்ட் மறுநாள் காலை திறக்காது. எண்ணை நாமே எழுதி நிலைப்படுத்தினால் பழைய கிளையன்ட் புதிய புலத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆனால் புதிய கிளையன்ட்டுக்குப் பழைய பக்கத்திலிருந்து அந்தப் புலம் வராதபோது, எண்ணாக இருந்தால் 0 என்று நிரப்பிக்கொள்ளும். விலை என்ற புலம் 0 ஆனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நின்றுபோகும் நிரலைவிடத் தவறான தொகையோடு ஓடும் நிரல்தான் எனக்குப் பயம்.

இதோடு பெரிய இடப்பெயர்வு ஒன்றும் சேர்ந்தது. ஆரக்கிள் எண்டர்பிரைஸ் ஜாவாத் தொழில்நுட்பத்தை 2017இல் எக்ளிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. 2020இல் வந்த, அதன் புதிய பெயரான ஜகார்த்தா இ.இ.யின் 9ஆம் பதிப்பில், ஜாவாக்ஸ் என்று தொடங்கிய தொகுப்புப் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறின. புதிய சர்வர் அனுப்பும் பிழைப் பொருளின் வகுப்பே பழைய கிளையன்ட்டுக்குத் தெரியாது. 2018இல் ஜாவா 11 கோர்பாவையே தன் உடலிலிருந்து எடுத்துவிட்டது. ஜாவாவைப் புதுப்பித்த அன்று ஐ.ஐ.ஓ.பி. கிளையன்ட் நின்றுபோனால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். வருகிற பைட்டுகளை அப்படியே பொருளாக்கும் ஜாவா சீரியலைசேஷன், தாக்குபவருக்குத் திறந்த கதவு என்பது 2015இல் உலகத்துக்கே தெரிந்தது. அப்பாச்சி காமன்ஸ் கலெக்ஷன்ஸ் என்ற சாதாரண நூலகம் சர்வரில் இருந்தாலே போதும். கெட்ட நோக்கத்தோடு கட்டப்பட்ட பைட்டுகளை டி3 வழியே அனுப்பி வெப்லாஜிக் சர்வரில் விரும்பிய கட்டளையை ஓட்ட முடிந்தது. 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தில் வெடித்த ஓட்டையும், தொலை அழைப்புக்குப் பெயர் தேடித்தரும் ஜே.என்.டி.ஐ. வழியாகத்தான் நுழைந்தது. ஆகவே ஆர்.எம்.ஐ., டி3, ஐ.ஐ.ஓ.பி. எதையும் பொது இணையத்துக்குத் திறந்து வைக்கக் கூடாது. ஆலைக்கும் டேட்டா சென்டருக்கும் நடுவே வி.பி.என். என்ற தனி மறைவழி இருந்தாலும், எந்தெந்த வகுப்புகளை ஏற்கலாம் என்ற வடிகட்டியைச் சர்வரில் போட்டே ஆக வேண்டும். ஜாவா 9இலிருந்து அந்த வசதி இருக்கிறது.

சரி, ஜாவா அல்லாதவர்கள்? எடை மேடையின் டாட்நெட் நிரலால் ஆர்.எம்.ஐ. பேச முடியாது, நடுவே பாலம் போட்டுத்தான் ஆகவேண்டும். 2000 வாக்கில் இதற்கு வந்த விடை சோப். எக்ஸ்.எம்.எல். என்ற குறியீட்டு வடிவில் மடலை எழுதி ஹெச்.டி.டி.பி.யில் அனுப்புவது. அதைக் கனமானது என்று கேலி செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன். சேவையின் விவரக் கோப்பை விஷுவல் ஸ்டூடியோவிடம் கொடுத்தால் அது தானாகவே கிளையன்ட் பகுதியை எழுதித் தந்துவிடும். எந்தப் புலம் கட்டாயம், எது எண், எது தேதி என்று இரு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் போல ஓர் ஆவணம் கிடைக்கிறது. ஏற்கெனவே நன்றாக ஓடும் சோப் இணைப்பை நாகரிகத்துக்காகக் கழற்றுவது வீண் செலவு.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வெளிக் கிளையன்ட்களுக்கெல்லாம் சாதாரண ஹெச்.டி.டி.பி.யும் ஜேசான் என்ற எளிய எழுத்து வடிவமும் போதும் என்பேன். பிரவுசர், ஆண்ட்ராய்டு, டாட்நெட் மூன்றும் அதைத் தாய்மொழி போலப் பேசும். பொதுவாக ஃபயர்வாலும் மறிக்காது. 2015இல் கூகுள் வெளியிட்ட ஜி.ஆர்.பி.சி. வேகமானது, ஒப்பந்தமும் இறுக்கமானது. ஆனால் பிரவுசரிலிருந்து நேராக அழைக்க முடியாது, நடுவில் மாற்றித்தரும் ஒரு புராக்ஸி வேண்டும். அதைச் சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே வைத்துக்கொள்வது நல்லது. பீன்களின் தொலை இடைமுகம், ஒரே டேட்டா சென்டருக்குள் ஜாவாவும் ஜாவாவும் பேச மட்டும் இருக்கட்டும்.

ஜேசானிலும் கண்ணி இல்லாமல் இல்லை. ஜாவாவின் லாங் வகை எண் 19 இலக்கம் வரை போகும். பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைதான் முழு எண்ணைத் துல்லியமாக வைத்திருக்கும். அதைத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். நீளமான சீட்டு எண்ணை எழுத்தாகவே அனுப்புங்கள். தொகையைப் பைசாவாக, எடையைக் கிலோவாக முழு எண்ணில் அனுப்புங்கள். நேரத்தில் இன்னொரு வில்லங்கம்: நம் நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். பருவகாலத்தில் நள்ளிரவு கடந்தும் லாரி வரும். இரவு 12 மணிக்கும் காலை ஐந்தரைக்கும் நடுவே போட்ட எடை, சர்வர் உலக நேரத்தில் நாளைப் பிரித்தால் முந்தைய நாள் கணக்கில் போய் விழும். விலை நாளுக்கு நாள் மாறுகிற சரக்கு இது. கிலோவுக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் என்றாலும் 8 டன் லோடில் 8000 ரூபாய்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். லாரி மேடையில் ஏறி நிற்கிறது. எடை போடுபவர் பொத்தானை அழுத்துகிறார். அழைப்பு போகிறது. திரை சுற்றிக்கொண்டே இருந்து, 30 நொடியில் 'பதில் வரவில்லை' என்கிறது. என்ன நடந்திருக்கும்? கோரிக்கை சர்வருக்குப் போகவே இல்லாமல் இருக்கலாம். போய், சர்வர் வரவு வைத்து, விடை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இன்னும் சர்வர் அந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கலாம். கிளையன்ட் பக்கம் இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். எந்த நெறிமுறையைப் போட்டாலும் இந்த ஐயத்தைப் போக்க முடியாது. ஆர்.எம்.ஐ.யிலும் இதுதான், சோப்பிலும் ஜி.ஆர்.பி.சி.யிலும் இதுதான். உள்ளூர் அழைப்புக்கும் தொலை அழைப்புக்கும் உள்ள மெய்யான வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கிறது. எடை போடுபவர் மறுபடி அழுத்துவார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அழுத்துவார்கள். ஒரே லோடு இரண்டு வரவாகலாம். அதற்குப் பயந்து அழுத்தாமல் வண்டியை உள்ளே விட்டால், வரவே இல்லாமல் போகலாம். ஒரு பக்கம் ஆலைக்கு நஷ்டம், மறுபக்கம் ஓராண்டு தோப்பைக் காத்தவருக்கு நஷ்டம். மாலையில் இருவரும் மேசைக்கு இரு பக்கம் உட்கார்ந்து வாதாடுவார்கள். கணினி சொன்னதே சரி என்று யாராவது முடிப்பார்கள். கணினிக்கே தெரியாத ஒன்றைக் கணினி சொன்னதாக முடிப்பது அநியாயம்.

தீர்வு கடினமானதல்ல, ஆனால் தொடக்கத்திலேயே செய்ய வேண்டியது. எடை போடும் கணத்திலேயே, சர்வரைக் கேட்காமல், எடை மேடைக் கணினி தனக்கென ஒரு தனித்த எண்ணை உருவாக்க வேண்டும். எந்த அழைப்பிலும் அந்த எண் கூடவே போகும். மறுபடி அழுத்தினாலும் அதே எண்தான். சர்வரில் வரவு எழுதும் அட்டவணையில் அந்த எண் இரண்டாம் முறை நுழைய முடியாதபடி டேட்டாபேஸே தடுக்க வேண்டும். இரண்டாம் முறை வந்தால் பிழை சொல்லாமல், முதல் முறை கொடுத்த விடையையே திருப்பிக் கொடுக்க வேண்டும். எண்ணைப் பதிவதும் வரவு வைப்பதும் ஒரே டிரான்சாக்ஷனில் நடக்க வேண்டும். ஒன்று நடந்து மற்றொன்று விட்டுப்போனால் இத்தனை ஏற்பாடும் பயனில்லை. இவ்வளவு செய்துவிட்டால் பத்து முறை அழுத்தினாலும் ஒரே வரவுதான்.

'இந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா' என்று நிரலில் முதலில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் எழுதுவது போதாதா என்று கேட்பார்கள். போதாது. முதல் அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்தால், இரண்டும் 'இல்லை' என்றே பார்க்கும், இரண்டும் எழுதும். அதனால்தான் தடையை டேட்டாபேஸில் வைக்கச் சொல்கிறேன்.

இணைப்பே இல்லாத நேரத்துக்கு எடை மேடைக் கணினியில் சிறிய டேட்டாபேஸ் ஒன்று, எஸ்க்யூலைட் போதும், வைத்துக்கொள்ள வேண்டும். எடை முதலில் அங்கே பதிவாகும். சீட்டு அங்கிருந்தே அச்சாகும், அந்தத் தனித்த எண்ணோடு. சர்வருக்கு அனுப்பும் வேலை பின்னால் தானாக நடக்கும். நெடுஞ்சாலையில் பள்ளம் தோண்டும்போது ஒளியிழை அறுபட்டாலும் வாசலில் வரிசை நிற்காது. மொத்த எடை, வண்டி காலியாகத் திரும்பும்போது காலி எடை, இரண்டும் தனித்தனி நிகழ்வுகள் என்பதால் இரண்டுக்கும் தனி எண் வேண்டும். நிகர எடையைச் சர்வர் கணக்கிடட்டும்.

டிரான்சாக்ஷனைக் கிளையன்ட்டே தொடங்கி, பல தொலை அழைப்புகளுக்குப் பின் முடிக்கும் வசதியைச் சில சர்வர்கள் கொடுக்கின்றன. அதைத் தொடாதீர்கள். நடுவில் கரன்ட் போனால், காலக்கெடு தீரும் வரை டேட்டாபேஸ் பூட்டுகள் பிடித்தபடியே இருக்கும். எங்கோ ஒரு வாசலில் நின்றுபோன கணினிக்காக மற்ற எல்லா வாசலும் காத்திருக்கும். டிரான்சாக்ஷன் சர்வருக்குள் தொடங்கி சர்வருக்குள்ளேயே முடியட்டும். ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் நினைவை வைத்திருக்கும் ஸ்டேட்ஃபுல் பீன்களைத் தொலைவிலிருந்து பயன்படுத்துவதையும் அதே காரணத்துக்காகத் தவிர்க்கலாம்.

ஏற்கெனவே ஓடும் பழைய அமைப்பு வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டு மறுபடி எழுத வேண்டியதில்லை. பீன்கள் அப்படியே இருக்கட்டும். அதே சர்வரில், அவற்றுக்கு முன்னால், உள்ளூர் இடைமுகம் வழியாக அவற்றை அழைக்கும் மெல்லிய ரெஸ்ட் முகப்பு (ஹெச்.டி.டி.பி.யும் ஜேசானும் பேசுவது) ஒன்றை வையுங்கள். முதலில் எடை மேடையை அதற்கு மாற்றுங்கள், ஏனென்றால் பணம் பிறக்கும் இடம் அது. அடுத்து ஆண்ட்ராய்டு. ஸ்விங் திரை கடைசியில் மாறினால் போதும், மாறாவிட்டாலும் வி.பி.என்.னுக்குள் அது ஆர்.எம்.ஐ.யிலேயே ஓடட்டும். மாற்றத்தை ஏப்ரலுக்குள் முடியுங்கள், அல்லது ஆகஸ்ட் வரை தள்ளிப்போடுங்கள். மே, ஜூன், ஜூலையில் வாசலில் கை வைக்க வேண்டாம். மாற்றியதும் சோதிக்க ஒரே வழிதான் எனக்கு நம்பிக்கையானது: எடை போடும் பொத்தானை அழுத்திய மறுகணம் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், திரும்பச் செருகுங்கள், மறுபடி அழுத்துங்கள், பிறகு சர்வர் அட்டவணையில் அந்த எண்ணுக்கு எத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.